மூர் மார்க்கெட் வரை செல்லும் ரயில்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வழக்கம்போல மணவாள நகர்ல, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசறேன். ராத்திரி பத்தரை ஆச்சு. நடுவுல கூட்ஸ் வண்டி ஹாரன் அடிச்சா கண்டுக்காதீங்க. தண்டவாளத்துக்குப் பக்கத்துல வீடு வெச்சுக்கிட்டு பாட்காஸ்ட் பண்றது என் தலையெழுத்து.

இப்ப 2025 ஆகஸ்ட். ஆகஸ்ட்னா மெட்ராஸ் டே. 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியை சென்னையோட பிறந்த நாளா எடுத்துக்கிட்டு, 2004ல இருந்து கொண்டாடிட்டு வர்றாங்க. வாட்ஸ்அப்ல எனக்கு ஏகப்பட்ட ஹெரிடேஜ் வாக் அழைப்பு வந்திருக்கு. பாதிக்கு மேல காலையில ஆறரை மணிக்குத் தொடங்குது. மயிலாப்பூர்ல இருக்கறவங்களுக்கு அது சரி. திருவள்ளூர்ல இருந்து ஆறரைக்குப் போய்ச் சேரணும்னா நான் நாலே முக்காலுக்கு பிளாட்பாரத்துல நிக்கணும். சரி, விடுங்க. அதனால இந்த வாரம் நம்ம லோக்கல் ரயில்லயே ஒரு வாக் போகலாம்னு நினைச்சேன்.

போன மாசம் ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தங்கச்சி, வேப்பம்பட்டுல ஏறும். நாங்க ஒரே ரயில். அந்தப் பொண்ணு திடீர்னு கேட்டுச்சு: "அண்ணா, தினமும் மூர் மார்க்கெட் வரை செல்லும்னு அனவுன்ஸ் பண்றாங்களே, அந்த மார்க்கெட் எங்க இருக்கு? நான் பார்த்ததே இல்லையே." கூட்டத்துல ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. ஆனா அந்தக் கேள்வியில தப்பே இல்ல. லோக்கல் ரயில் நிக்கற இடத்துக்குப் பேரு மூர் மார்க்கெட் வளாகம். அங்க மார்க்கெட் எதுவும் இல்ல. பிளாட்பாரம், டிக்கெட் கவுன்ட்டர், டீக்கடை, அவ்வளவுதான். பேரு இருக்கு, பொருள் இல்ல. நம்ம கோட் பாஷையில சொல்லணும்னா, டெலீட் பண்ண ஃபைலோட ஷார்ட்கட் மட்டும் டெஸ்க்டாப்ல உட்கார்ந்திருக்கு.

பழைய ஊரோட நடுப்பகுதியை மறுபடி உயிர்ப்பிக்கணும்னு இப்ப எல்லாரும் பேசறாங்க. ஹெரிடேஜ், ரெஸ்டோரேஷன்னு நிறைய வார்த்தைகள். நான் இன்னிக்கு அந்த விஷயத்தை ஒரே ஒரு இடத்துல வெச்சுப் பேசப் போறேன். சென்ட்ரலுக்குப் பக்கத்துல, நடந்து சுத்தி வந்தா கால் மணி நேரத்துல முடியற இடம். ஒரு பக்கம் எரிஞ்சு போன மூர் மார்க்கெட். இன்னொரு பக்கம், தப்பிச்சுப் பிழைச்சு இப்ப புதுசாகிட்டிருக்கற விக்டோரியா பப்ளிக் ஹால்.

முதல்ல, இந்த இடத்தைப் பத்திப் பேச திருவள்ளூர்க்காரனுக்கு என்ன உரிமைன்னு கேட்பீங்க. இருக்கு. தென்னிந்தியாவோட முதல் ரயில் பாதை 1856ல திறந்துச்சு, ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரை. அந்தப் பாதை நம்ம ஊர் வழியாத்தான் போச்சு. தொடக்க விழா அன்னிக்கு கவர்னரை ஏத்திக்கிட்டு ஒரு வண்டி போச்சு, இன்னொரு வண்டி திருவள்ளூர் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிச்சு. அப்ப சென்ட்ரல் ஸ்டேஷனே கிடையாது, அது 1873லதான் வந்தது. அதாவது நூத்தி எழுபது வருஷமா நாம இந்த ஊருக்குள்ள ரயில்ல போய் வந்துட்டு இருக்கோம். மெட்ராஸுக்கு நாம விருந்தாளி இல்ல. பத்து ரூபாய் டிக்கெட்டுல தினமும் போய் வர்ற பங்காளி.

இப்ப அந்த இடத்துக்கு வருவோம். சென்ட்ரலுக்கு மேற்கே, இன்னிக்கு ரிப்பன் பில்டிங், நேரு ஸ்டேடியம், அல்லிக்குளம், மை லேடீஸ் பூங்கா எல்லாம் இருக்கற பகுதி மொத்தமும் ஒரு காலத்துல ஒரே பூங்கா. பீப்பிள்ஸ் பார்க். 1859-60 வாக்குல கவர்னரா இருந்த டிரெவிலியன் உருவாக்கினது. நூறு ஏக்கருக்கு மேல. குளங்கள், பேண்டு மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் அதுக்குள்ள. பார்க் டவுன்ங்கற பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? ஜார்ஜ் டவுன் நெரிசலுக்குள்ள இருந்த ஜனங்க மூச்சு விடறதுக்கு ஒரு இடம். ஸ்டேஷனைப் பார்க்க, கோர்ட்டு கச்சேரி வேலைக்கு, ஜெனரல் ஆஸ்பத்திரிக்குன்னு வெளியூர்ல இருந்து வந்த ஜனங்களும் வந்து உட்கார்ற இடம் இதுதான்.

அந்தப் பூங்காவோட ஒரு மூலையில 1898ல அடிக்கல் போட்டு 1900ல திறந்ததுதான் மூர் மார்க்கெட். கார்ப்பரேஷன் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேரு. சிவப்புச் செங்கல், வளைவு வளைவா தாழ்வாரம், நடுவுல திறந்த முற்றம். கட்டினது காய்கறி, கறி மீன் விக்கறதுக்கு. ஆனா ஜனங்க ஞாபகத்துல நின்னது வேற: பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பழைய கடிகாரம், நாற்காலி, லவ் பேர்ட்ஸ், முயல், மீன் தொட்டி. ஒரு ஊருல எதுக்கெல்லாம் ரெண்டாவது வாழ்க்கை உண்டோ அதெல்லாம் அங்க கிடைக்கும்.

ரொம்பவும் கண்ணீர் விட வேணாம். மூர் மார்க்கெட்ல ஏமாறாம வெளிய வந்தவன் இல்லன்னு ஒரு பேச்சு உண்டு. பிக்பாக்கெட் உண்டு. பத்து ரூபாய் பொருளுக்கு நூறு சொல்லுவான், நீங்க அஞ்சுல ஆரம்பிக்கணும். அதுவும் ஒரு படிப்புதான்னு வெச்சுக்கோங்க.

1985 மே 30. மூர் மார்க்கெட் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேணும்னு அதுக்கு முன்னாடியே பேச்சு இருந்ததால, தானா பிடிச்சுதா, யாராவது வெச்சாங்களான்னு ஊரே பேசிச்சு. அந்தப் பேச்சு இன்னிக்கும் நிக்கல. எப்படியோ, அந்த இடத்துல புறநகர் ரயில் முனையம் வந்துச்சு. பழைய கட்டடத்தோட ஞாபகமா ஒரு சின்ன மாடல் செஞ்சு ஸ்டேஷன் வளாகத்துல வெச்சிருக்காங்க. ரிசர்வேஷன் பில்டிங் பக்கம், வண்டி நிறுத்தற இடத்துக்கிட்ட. நான் நாலு வருஷம் காலேஜுக்கு அந்த வழியா போயிருக்கேன், அது ஏதோ கோயில் மாதிரின்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன்.

அதே 1985ல மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போயிடுச்சு. பூங்கா ஏற்கெனவே துண்டு துண்டாகியிருந்தது. ஒரே வருஷத்துல, ஜனங்க சும்மா வந்து சுத்தறதுக்கு இருந்த ரெண்டு காரணமும் போயிடுச்சு. அதுக்கப்புறம் அந்த இடம் கடந்து போற இடம் ஆயிடுச்சு. நானே அப்படித்தான் பத்து வருஷம் கடந்து போனேன்.

இங்க எங்க அப்பா கதையைச் சொல்லணும். அப்பா 65ல பொறந்தவர். 84-85ல ஐடிஐ ஃபிட்டர் படிச்சிட்டிருந்தார். புதுப் புத்தகம் வாங்கக் காசு கிடையாது. மூர் மார்க்கெட்ல ஒரு கடைக்காரர்கிட்ட ஒர்க்‌ஷாப் டெக்னாலஜி புத்தகம் ஒண்ணு எடுத்தார். இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிழிஞ்சது. கடைக்காரர் ஒரு ஏற்பாடு சொன்னாராம்: "முழுக் காசு வேணாம் தம்பி. பாதி குடு. பரீட்சை முடிஞ்சதும் புத்தகத்தைக் கொண்டாந்து குடு. நல்லா வெச்சிருந்தா வேற ஒண்ணு தரேன்." எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. பின்னட்டைக்கு உள்ள பென்சில்ல கடை நம்பர் மட்டும் எழுதிக் குடுத்தார்.

அப்பா பரீட்சை முடிக்கறதுக்கு முன்னாடி மார்க்கெட் எரிஞ்சு போச்சு. ரெண்டு நாள் கழிச்சு புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போனாராம். தீயணைப்புத் தண்ணியில ஊறின காகிதம் குவியல் குவியலா கெடந்துச்சு, எரிஞ்சதும் நனைஞ்சதும் சேர்ந்த ஒரு நாத்தம்னு சொல்லுவார். சுத்தி நின்னவங்க கிட்ட கடை நம்பரைச் சொல்லிக் கேட்டிருக்கார். யாருக்கும் தெரியல. திரும்பி வந்துட்டார். அந்தப் புத்தகம் இப்பவும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. "அது நம்ம புத்தகம் இல்லடா, பாதிதான் நம்மளுது" அப்படின்னு சொல்லுவார். சின்ன வயசுல எனக்கு அது ஜோக்கு.

எரிஞ்ச மார்க்கெட்டோட வியாபாரிகளை பக்கத்துல அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாத்தினாங்க. பூங்காவுல ஒரு குளம் இருந்ததே, அந்தப் பேருதான். நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. எனக்குத் தெரியும், காரணம் அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸ்.

2015ல முதல் செமஸ்டர். சி புரோகிராமிங். சீனியர் ஒருத்தர் சொன்னார், "பாலகுருசாமி புக் புதுசா வாங்காத, அல்லிக்குளம் போ." போனேன். மேல இருந்து கீழ வரைக்கும் புத்தக அடுக்கு, நடுவுல ஒரு ஆள் உட்கார்ற அளவுக்குச் சந்து. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்ன டிபார்ட்மென்ட்? எந்த ரெகுலேஷன், தம்பி? டூ தவுசண்ட் தர்ட்டீனா?" எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு நாம எந்த ரெகுலேஷன்னு தெரியாது. அவருக்குத் தெரியும். எந்த யூனிட் போன ரெகுலேஷன்ல இருந்து மாறியிருக்குன்னும் தெரியும். "இந்தப் பழைய எடிஷனே போதும், கடைசி யூனிட் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கோ" அப்படின்னார். முன்னூறு ரூபாய் மிச்சம். செமஸ்டர் முடிஞ்சு கொண்டுபோய்க் குடுத்தா பாதி விலைக்கு எடுத்துக்கிட்டார். அப்பாகிட்ட சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அதே ஏற்பாடுதான்" அப்படின்னார்.

முப்பது வருஷம், ஒரு தீ, ஒரு இடமாற்றம். கட்டடம் போயிடுச்சு. ஆனா அந்த ஏற்பாடு போகல. ஒரு ஊரோட கலாச்சாரம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான்.

போன மாசம் அந்த ரயில் கேள்விக்கு அப்புறம் மறுபடி அங்க போனேன். அண்ணன் இருக்கார். தலை நரைச்சிருச்சு. அடுக்கு அப்படியே இருக்கு, கூட்டம் இல்ல. பசங்க பிடிஎஃப்ல படிக்கறாங்க, அதுல அவருக்கு வருத்தம் இல்ல. யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி, நீட் புத்தகம் கொஞ்சம் ஓடுது. பையன் வேற வேலைக்குப் போயிட்டான். வர்ற பொங்கலோட கடையை முடிச்சுக்கலாமான்னு யோசிக்கறேன்னார். விக்டோரியா ஹால் திறந்தா கூட்டம் வருமில்லண்ணேன்னு கேட்டேன். "வரும் தம்பி. அங்க வரும்" அப்படின்னார்.

இப்ப அந்த ஹாலுக்குப் போவோம். ரிப்பன் பில்டிங்குக்குப் பக்கத்துல, சிவப்பு நிறத்துல, கேரளா பாணிக் கூரை போட்ட ஒரு சதுர கோபுரத்தோட இருக்குமே, அதுதான். 1883ல அடிக்கல், 1880களோட கடைசியில திறப்பு. வரைபடம் ராபர்ட் சிஷோம், கட்டினவர் நம்பெருமாள் செட்டி. சென்னையோட பாதி செங்கல் கட்டடத்துல இவர் பேரு வரும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஹால், ஒவ்வொண்ணுலயும் 600 பேர் உட்காரலாம். இடம் கார்ப்பரேஷனோடது. 1886ல இருந்து 99 வருஷக் குத்தகை, கிரவுண்டுக்கு வருஷம் எட்டணா. கணக்குப் போட்டுப் பாருங்க, 99 வருஷம் எப்ப முடியுது? 1985. அந்த வருஷம் இந்த ஏரியாவுக்கு என்ன கிரகமோ.

1897ல விவேகானந்தர் அங்க பேசினார். சென்னையோட ஆரம்பகால சலனப்படக் காட்சிகள் அங்க நடந்திருக்கு. ஆனா எனக்குப் பிடிச்ச ஆள் பம்மல் சம்பந்த முதலியார். 1891ல, தன்னோட பதினெட்டு வயசுல, நண்பர்களோட சேர்ந்து சுகுண விலாச சபா ஆரம்பிச்சார். நாடக சபை. அப்ப நாடகக்காரங்கன்னா மரியாதைக் குறைவா பார்த்த காலம். இவங்க எல்லாம் படிச்சவங்க, வக்கீல்கள், ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. பகல்ல கோர்ட்டு, ராத்திரி ஒத்திகை. சம்பந்த முதலியாரே வக்கீலா இருந்து பிறகு நீதிபதி ஆனவர். எழுதின நாடகங்கள் தொண்ணூறுக்கு மேல. விக்டோரியா ஹால்தான் ரொம்ப காலத்துக்கு அவங்க மேடை.

எனக்கு அதுல என்ன பிடிச்சதுன்னா, அவங்க யாரும் முழுநேரக் கலைஞர் கிடையாது. ஒன்பது டு அஞ்சு வேலை முடிச்சிட்டு, சாயங்காலம் வேற ஒரு ஆளா மாறினவங்க. ராத்திரி பத்தரைக்கு, ஸ்டாண்ட்-அப் மீட்டிங் எல்லாம் முடிச்சிட்டு, போர்வையைத் தலையில போர்த்தி எக்கோ வராம ரெக்கார்ட் பண்றவனுக்கு அந்த ஆளு யாருன்னு நல்லாவே புரியும். ஆனா அவங்களுக்கு நடு ஊர்ல, ஸ்டேஷனுக்கு எதிர்ல, ஒரு மேடை இருந்துச்சு. எனக்குப் போர்வைதான் இருக்கு.

பிற்பாடு சபா மவுண்ட் ரோடு பக்கம் போயிடுச்சு. ஊரோட மையமும் தெற்கே நகர்ந்துச்சு. சபா, சினிமா, கச்சேரி எல்லாம் மயிலாப்பூர், தி.நகர் பக்கம். ஜார்ஜ் டவுன் வீட்டுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை தனம்மாள் வாசிப்பைக் கேட்க அந்தக் கால வித்வான்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்காங்க, 1938ல அவங்க காலமாகற காலம் வரைக்கும் அந்த வீட்டுக்கு அந்த மதிப்பு. இன்னிக்கு அந்தப் பக்கத்துல சாயங்காலம் ஷட்டர் இறக்கற சத்தம்தான் கேட்கும். 1996ல கொத்தவால்சாவடியும் கோயம்பேட்டுக்குப் போச்சு. போக்குவரத்துக்கு அது தேவைதான், நான் மறுக்கல.

ஹால் பல வருஷம் பூட்டியே கெடந்துச்சு. நடுவுல மெட்ரோ சுரங்க வேலை வேற. ஒருவழியா சிங்காரச் சென்னை 2.0 திட்டத்துல, சுமார் 32 கோடி ரூபாயில, 2023ல மாநகராட்சி சீரமைப்பு வேலையை ஆரம்பிச்சது. போன மாசம் வெளியில இருந்து பார்த்தப்ப, பெரும்பாலும் முடிஞ்ச மாதிரி தெரிஞ்சுது. நிஜமாவே அழகா இருக்கு. அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல.

இந்த மாதிரி வேலை எவ்வளவு கஷ்டம்னு கொஞ்சம் சொல்றேன், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச பகுதி. இது செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். சிமென்ட் பூசினா செத்துப் போயிடும். ஏன்னா பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சி வெளிய விடும், சுண்ணாம்பு அதுக்கு வழி விடும். சிமென்ட் அடைச்சிடும். ஈரம் உள்ளேயே தங்கி செங்கல் உப்பு பூத்து உதிரும். அதனால மறுபடி சுண்ணாம்புதான் வேணும். மெட்ராஸ் டெரஸ்னு ஒரு கூரை முறை இருக்கு: தேக்கு உத்திரம், அதுமேல சின்னச் செங்கலைச் சாய்வா நிறுத்தி வெச்சு, சுண்ணாம்புக் கலவை போட்டு, கடுக்காய், வெல்லம் ஊறவெச்ச தண்ணி ஊத்தி அடிச்சு அடிச்சு இறுக்குவாங்க. எங்க ஊர் வீரராகவர் கோயில் குளத்துல ஜனங்க வெல்லம் கரைக்கறாங்க, பழைய மெட்ராஸ் கூரையிலயும் வெல்லம் கரைச்சிருக்காங்க. இந்த வேலை தெரிஞ்ச கொத்தனார்கள் இன்னிக்கு ரொம்பக் குறைவு. ஒரு பழைய கட்டடத்தைச் சரி பண்ணும்போது அந்தக் கைத்தொழிலும் கூடவே பிழைக்குது. இது மறைமுக லாபம்.

என் பயம் வேற. கட்டடம் பிழைச்சுக்கும். அதுக்குள்ள யார் போவாங்க?

நாங்க ஆபீஸ்ல ஒரு பழைய சிஸ்டத்தை ஒன்றரை வருஷம் உட்கார்ந்து புதுசா எழுதினோம். அருமையா வந்துச்சு. திறந்த அன்னிக்குக் கேக் வெட்டினோம். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா, அதைப் பயன்படுத்திட்டு இருந்தவங்க எல்லாம் எக்செல்லுக்குப் போயிட்டாங்க. நாங்க எழுதற காலத்துல அவங்க வேலை நிக்கல பாருங்க, அவங்க வேற வழி கண்டுபிடிச்சுட்டாங்க. சர்வர் ஓடுது, லாகின் இல்ல. ஹாலைப் பார்க்கும்போது எனக்கு அந்த டாஷ்போர்டுதான் ஞாபகம் வருது.

இதே பிரச்சினையை வேற ஊர்ல எப்படிக் கையாண்டாங்கன்னு பார்த்தா, பக்கத்துலயே பாண்டிச்சேரி இருக்கு. எல்லாரும் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவரைத்தான் போட்டோ எடுப்போம். ஆனா வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில வைசியாள் வீதின்னு ஒண்ணு, கல்வே சுப்பராய செட்டி வீதி. 2000களோட தொடக்கத்துல, ஐரோப்பிய ஒன்றிய நிதியோட, இன்டாக் அமைப்பு அந்தத் தெரு வீடுகளோட முகப்பைச் சரி பண்ணாங்க. திண்ணை, அதுக்கு வெளிய தெருவைப் பார்த்த தாழ்வாரம், கீழ தமிழ் வீடு, மேல பிரெஞ்சு மாடி. 2008ல அதுக்கு யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது கிடைச்சது. முக்கியமா, அது தனி ஒரு நினைவுச் சின்னம் இல்ல, குடியிருக்கற தெரு. திண்ணையைச் சரி பண்ணா மறுநாள் அங்க யாராவது உட்காருவாங்க.

அதே ஊர்ல மேரி கட்டடம், பழைய டவுன் ஹால், 2014 நவம்பர் மழையில இடிஞ்சே விழுந்துச்சு. அப்புறம் பழைய மாதிரியே திருப்பிக் கட்டி 2021ல திறந்தாங்க. பிரமாதமா இருக்கு. நான் ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு எதிர்ல கடலைப் பார்க்கப் போயிட்டேன். வைசியாள் வீதியில ஒரு பாட்டி "யாரு வேணும் தம்பி?"ன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்விதான்.

ஆபீஸ் வேலையா அகமதாபாத் போனப்ப பழைய நகரத்துல மாணெக் சௌக் பார்த்தேன். காலையில காய்கறி, பகல்ல நகைக்கடை, ராத்திரி அதே சதுக்கத்துல சாப்பாட்டுக் கடைகள். எங்க பாஷையில டைம் ஷேரிங். ஒரே இடம், மூணு வேளைக்கு மூணு கூட்டம். அங்க பழைய நகரம் 2017ல உலகப் பாரம்பரிய நகரமாச்சு. ஆனா அந்தச் சதுக்கம் பட்டியலுக்காக ஓடல, அது பாட்டுக்கு ஓடிட்டிருந்ததைப் பட்டியல்ல சேர்த்தாங்க.

சரி, நம்ம பார்க் டவுனுக்கு வருவோம். இங்க கூட்டத்தைக் கூட்டி வர வேண்டிய அவசியமே இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு சென்ட்ரல் சப்வேல நின்னு பாருங்க. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி, பொன்னேரின்னு எல்லாத் திசைக்கும் ஜனம். அதுல பாட்டு கத்துக்கிட்டவங்க இருக்காங்க, நாடகம் போட்ட காலேஜ் பசங்க இருக்காங்க, கவிதை எழுதற ஃபிட்டர் இருக்கார். எல்லாரும் ஓடறாங்க, ஆறேகால் வண்டியைப் பிடிக்க. அவங்களுக்கு ஹாலுக்கும் ரயிலுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம்.

அதனால நான் கேக்கறது ஒரு மூணு விஷயம். ஹால் சாயங்காலம் திறந்திருக்கணும், ஆபீஸ் நேரத்துல மட்டும் திறந்து அஞ்சு மணிக்குப் பூட்டினா சம்பளக்காரன் ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட்டாத்தான் வர முடியும். வாரத்துல ரெண்டு நாளாவது அமெச்சூர் ஆளுங்களுக்கு, ஒரு சின்னக் குழு சொந்தக் காசுல கட்டக்கூடிய வாடகைக்குக் குடுக்கணும். நிகழ்ச்சி எட்டரைக்கு முடியணும், கடைசி லோக்கலை நம்பி வர்றவங்க நாங்க. அப்புறம், அல்லிக்குளம் புத்தகக் கடைகளுக்கு ஹால்ல இருந்தும் மூர் மார்க்கெட் பிளாட்பாரத்துல இருந்தும் வழி காட்டற பலகை. தமிழ்ல. ஹால் தாழ்வாரத்துல மாசம் ஒரு சனிக்கிழமை அவங்களுக்கு மேஜை போட இடம் குடுத்தா இன்னும் நல்லது. எரிஞ்ச மார்க்கெட்டோட வியாபாரத்தை, தப்பிச்ச கட்டடத்தோட வாசல்ல கொண்டாந்து வெக்கலாம்.

மூணுன்னு சொல்லிட்டு நாலஞ்சு கேட்டுட்டேன், பரவால்ல.

இதுக்கு எதிர்வாதம் உண்டு. எங்க மாமா ஒருத்தர் கட்டட கான்ட்ராக்டர். அவர்கிட்ட சொன்னேன். "ஏம்ப்பா, 32 கோடி போட்டுச் சுண்ணாம்பு பூசுவாங்க, நீங்க வந்து வெத்தலைச் சாறு துப்புவீங்களா?" அப்படின்னார். தேக்கு மரம், பழைய தரை, தீ விபத்து பயம், காவல் செலவு எல்லாம் நிஜம்தான். குறைஞ்ச வாடகைக்கு விட்டா பராமரிப்புக்கு யார் குடுப்பா? கல்யாணத்துக்கும் கம்பெனி விழாவுக்கும் அதிக விலைக்கு விட்டு அந்தக் காசுல மத்த நாளை நடத்தலாம்னு நான் சொன்னேன். அவர், "கல்யாணக் காசு வர ஆரம்பிச்சா மத்த நாளே இருக்காது" அப்படின்னார். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. பக்கத்துலயே மெட்ரோ நிறுவனத்தோட 27 மாடிக் கோபுரம் வேற எழும்பிட்டிருக்கு. அது வந்தா அந்த நிலத்துல ஒவ்வொரு சதுர அடிக்கும் யாராவது விலை சொல்லிட்டே இருப்பாங்க.

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் வேலையே இல்லன்னு நினைக்காதீங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர் தேரடி, இந்தப் பக்கம் நம்ம மணவாள நகர், ஷிஃப்ட் பஸ், கம்பெனி வேன். தை அமாவாசைக்கு முந்தின நாள் ராத்திரி தேரடிக்குப் போயிருக்கீங்களா? குளத்தைச் சுத்தி ஜனங்க பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க, கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும், தெரு முழுக்கப் பேச்சு. பழைய டவுன் வேலை செய்யறதுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்ச டெமோ அதுதான். மறுநாள் மதியத்துக்குள்ள எல்லாம் மூட்டை கட்டிடும். மத்த முன்னூத்தி சொச்ச நாள் சாயங்காலம் என்ன பண்றதுன்னு நாம யாரும் யோசிச்சதில்ல. இதைத் தனி எபிசோடா பேசணும், ஊர்க்காரங்க யாராவது வர்றீங்கன்னா சொல்லுங்க.

(ரயில் சத்தம். சில நொடிகள் வெட்டப்பட்டன.)

ஓகே, போயிடுச்சு. முடிக்கறேன்.

வர்ற சனிக்கிழமை அப்பாவும் நானும் அல்லிக்குளம் போறோம். வர விரும்பறவங்க வரலாம். ஹெரிடேஜ் வாக் எல்லாம் இல்ல, எனக்கு அவ்வளவு தெரியாது. காலையில பத்து மணிக்கு, ஸ்டேஷன் வளாகத்துல அந்த மூர் மார்க்கெட் மாடலுக்குப் பக்கத்துல நிப்போம். அங்க இருந்து நடந்து விக்டோரியா ஹாலை வெளியில இருந்து பார்த்துட்டு, புத்தகக் கடை. வேப்பம்பட்டு தங்கச்சியும் வருது. பழைய செமஸ்டர் புத்தகம் வீட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க, அண்ணன் எடுத்துப்பார். ரெகுலேஷன் எதுன்னு மட்டும் பார்த்து வெச்சுக்கோங்க, கேட்பார்.

அப்பா பரண்ல இருந்து அந்த ஒர்க்‌ஷாப் புத்தகத்தை இறக்கி, துடைச்சு, மஞ்சப் பையில போட்டு வெச்சிருக்கார். கடை நம்பர் இன்னும் மங்கலாத் தெரியுது. அந்தக் கடைக்காரர் இருப்பாரான்னு தெரியாதேப்பா, யார்கிட்ட குடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். "விசாரிப்போம். அவங்களுக்குள்ள தெரியாம இருக்காது" அப்படின்னார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "மீதிப் பாதிக் காசையும் எடுத்துக்கிட்டேன். அன்னிக்கு விலைக்கா, இன்னிக்கு விலைக்கான்னுதான் தெரியல" அப்படின்னார்.

சனிக்கிழமை பார்க்கலாம் மக்களே.